காது வெட்டிய நாய்கள்

நாய் கடித்து என் தம்பி செத்துப்போன பிறகுதான் செஞ்சியில் எங்கள் தெருவுக்கு நாய் பிடிக்கிற வண்டி வந்தது. வலையோடு இறங்கியவர் ஒல்லியான ஆள். கையெல்லாம் கடித் தழும்பு. "வாடா தங்கம்" என்று கொஞ்சிவிட்டுத்தான் ஒவ்வொரு நாய்மேலும் வலையை வீசுவார்.

சில நாள் கழித்து, காது நுனி வெட்டிய அதே நாய்களை அதே தெருவில் இறக்கிவிட்டார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"இன்னாண்ணே, இங்கியே உடறீங்க? என் தம்பி போனது பத்தலியா?"

"புடிச்ச எடத்துலதாம்மா உடணும். இல்லன்னா வேற நாய் வந்து பூந்துக்கும். இதுங்களுக்குக் கருத்தடை பண்ணி, வெறிநோய் ஊசியும் போட்டாச்சு. அதுக்கு அடையாளந்தான் இந்தக் காது வெட்டு."

"உங்களுக்கு?"

"வேலைக்குச் சேரும்போதே போட்டுட்டாங்க." வலையைச் சுருட்டிக்கொண்டே, "தம்பிக்குப் போடலியா?" என்றார்.

"பல்லு பட்ட சின்ன கீறல்தானேன்னு அம்மா மஞ்சள் வெச்சாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திட்டணும்னா திட்டிடும்மா."

நாய்க்கு ஊசி போடத் தெரு தேடி வண்டி வருகிறது. கீறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. இவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.