கிழக்கே திரும்பும் நாலாம் நம்பர்

டீயைத் தான் குடிப்பதற்கு முன்னால் வண்டிக்குக் காட்டிவிடுவார் மனோகரன். காலையில் ஷெட்டைத் திறந்ததும் வரிசையாக நிற்கும் கோ-கார்ட் குட்டிப் பந்தய வண்டிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பி, இருக்கையில் டீ கிளாஸை வைத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். டீயின் மேல் வட்டங்கள் நடுவிலிருந்து ஒழுங்காகக் கிளம்பினால் வண்டி சுகம். தளும்பிக் கொட்டினால் எங்கேயோ ஒரு போல்ட் இளகியிருக்கிறது. எல்லா வண்டியும் முடிந்த பிறகு, ஆறி ஆடை படிந்துபோன மிச்சத்தை ஒரே மடக்கில் குடிப்பார். "ஒத்த சிலிண்டர் இன்ஜின் ஆடாம இருக்காதுங்க. எவ்வளவு ஆடுது, எந்தப் பக்கம் ஆடுதுங்கறதத்தான் பாக்கணும்" என்பார், கேட்காதவர்களிடமும்.

தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டி, கொஞ்ச காலம் முன்புவரை சம்பா விளைந்த மண்ணில் சிமெண்டுத் தளம் போட்டு ராஜ்குமார் நடத்துகிற இடம் அது. கத்தாரில் இருந்துவிட்டு வந்த மனிதர். சொந்த நிலத்தில் பொம்மைக்கார் ஓட்டப்போகிறார் என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் வயல், மேற்கே வாய்க்கால். வண்டிகள் உறுமிக்கொண்டு வளைவில் திரும்பினாலும் கொக்குகள் இடத்தை விட்டு அசைவதில்லை. அவற்றுக்கும் பழகிவிட்டது.

மனோகரன் வயல்காட்டு மனிதரல்ல. தரங்கம்பாடிக் கடற்கரையில் படகு இன்ஜின் பார்த்தவர். வந்த புதிதில் அவர் செய்த வேலையை ராஜ்குமார் இன்னும் சொல்லிச் சிரிப்பார். வண்டி ஆடுகிறது என்றதும் இன்ஜினுக்கு அடியில் டயர் டியூபைப் பட்டையாக வெட்டிக் கொடுத்து, வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டாராம். படகில் அப்படித்தான் கட்டுவார்கள். ஆட்டம் பலகைக்குப் போகும், பலகையிலிருந்து தண்ணீருக்குப் போகும், கதை முடிந்தது. இங்கே முதல் வளைவிலேயே சங்கிலி கழன்று வயலில் போய் விழுந்தது. "அங்கன்னா கடல் தின்னுடும். இங்க திங்கறதுக்கு யாரு இருக்கா? ஓட்டுறவன் எலும்புதான்" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அதன் பிறகு இன்ஜினைத் தளத்தகட்டோடு அசையாமல் முடுக்கவும், நூல் பிடித்துச் சங்கிலியை நேர் பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

நாலாம் நம்பர் பேச்சு வந்தால் மட்டும் அவர் சிரிப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ராஜ்குமார் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் இன்ஜினை வாங்கிவந்து அந்த வண்டிக்கு மாட்டச் சொன்னார். மாட்டி, கயிற்றை இழுத்துக் கிளப்பி, வழக்கம்போல் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார் மனோகரன். வைத்த கையை எடுக்க மறந்துபோனார். மூன்று துடிப்பு சீராக, நான்காவது ஒரு விக்கல், மறுபடி மூன்று சீராக. அந்த விக்கல் அவருக்குத் தெரியும். அது அவர் தம்பி காயாரோகணத்தின் இன்ஜின்.

காயாரோகணம் ஒரு மார்கழியில் தொழிலுக்குப் போனவன். வள்ளம் திரும்பி வந்தது, வலை இருந்தது, இன்ஜின் இருந்தது, ஆள் இல்லை. ஆளில்லாமல் வந்த இன்ஜினை அந்தக் கரையில் மறுபடி கிளப்ப மாட்டார்கள். சத்தம் வீட்டுக்காரிக்குக் கேட்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. உள்நாட்டுப் பக்கம், கடல் காற்று படாத ஊருக்கு விற்றுவிடுவார்கள். அப்படித்தான் அதையும் அனுப்பினார்கள். மனோகரனும் பிறகு கடலைப் பார்க்கப் பிடிக்காமல் தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். அவரைத் தேடிக்கொண்டு அதுவும் வந்துவிட்டது.

வந்தது சும்மா இருக்கவில்லை. ஷெட்டில் நிறுத்தி, ஓடவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்த் திரும்பினால் நாலாம் நம்பர் கொஞ்சம் திரும்பியிருக்கும். மேற்கே பார்த்து நிறுத்தினால் வடக்கு வழியாக, வடக்கே நிறுத்தினால் நேராக, கடைசியில் அதன் மூக்கு கிழக்கே போய்த்தான் நிற்கும். கும்பகோணம், மயிலாடுதுறை தாண்டி நேரே போனால் தரங்கம்பாடிக் கடல். "ஆட்டத்துல நகருதுண்ணே, தளம் கிழக்க சரிஞ்சிருக்கும்" என்றார் ராஜ்குமார். சொன்னதோடு நிற்காமல் ஒரு கோலிக்குண்டைத் தளத்தில் விட்டுப் பார்த்தார். குண்டு உருண்டு மேற்கே வாய்க்கால் பக்கம் போனது. ராஜ்குமார் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அலுவலக அறைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து நாலாம் நம்பரை அவர் ஓட்டிப் பார்ப்பதில்லை.

ஓட்டியவர்களுக்கும் அது ஆகிவரவில்லை. இறங்கினால் கை மரத்துப்போகிறது என்றார்கள். ஒரு பெண், யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டார். மனோகரன் செய்யாத வைத்தியம் இல்லை. போல்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்கினார். கிளட்சை மாற்றினார். பின் அச்சு வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். இன்ஜினின் மேல் மூடியை மட்டும் கழற்றவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று தெரிந்ததனால் கழற்றவில்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

தம்பி மனைவி கமலவல்லியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவள் தேறி வரவே வெகுகாலம் ஆயிற்று. உடல் கிடைக்காததால் பூவையும் பொட்டையும் எடுக்க மாட்டேன் என்று நின்றவள். ஒவ்வொரு சாயங்காலமும் கரையில் போய் உட்கார்ந்தவள். இப்போதுதான் கருவாட்டுக் கொட்டகைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு வார்த்தை பேசுகிறாள். வாரத்துக்கு ஒருமுறை மனோகரனே போன் செய்து நலம் கேட்பார்.

அப்படி ஒரு பிற்பகல் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பக்கத்தில் நாலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை.

"மழ விட்டுச்சா அங்க?"

"விட்டுச்சு மாமா. கருவாடுதான்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு, எந்தப் பதற்றமும் இல்லாத குரலில், "இருங்க மாமா, உல வச்சுட்டு வந்துர்றேன். அவரு வர்றாரு" என்றாள்.

போனைக் கீழே வைக்கிற சத்தம். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். மனோகரன் பாய்ந்து இன்ஜினை அணைத்தார். அணைத்த பிறகும், பக்கத்தில் இருந்த டீ கிளாஸில் வட்டங்கள் கொஞ்ச நேரம் வந்துகொண்டுதான் இருந்தன.

மறுநாளிலிருந்து அதே நேரத்துக்கு அவளே கூப்பிட்டாள். எந்த விளக்கமும் கேட்கவில்லை. "ஒண்ணுமில்ல மாமா, சும்மா போன அப்புடியே வச்சிருங்க" என்பாள். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். இரண்டு பேருக்குச் சோறு வடித்து மூடி வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை வாசலில் நிற்கிறாளாம். ஒருநாள் இன்ஜினைக் கிளப்பாமல் பேசினார் மனோகரன். "இன்னிக்கி ஏன் மாமா நிறுத்திட்டீங்க? அவருக்கு வழி தெரிய வேணாமா?" என்றாள்.

ராஜ்குமாரும் பொறுமை இழந்திருந்தார். "சனிக்கிழம ஸ்கூல் புள்ளைவொ வர்றாங்கண்ணே. அதுக்குள்ள ஆட்டம் நிக்கலன்னா இன்ஜின எடைக்குப் போட்டுட்டு வேற மாட்டிக்குவோம்."

எடைக்குப் போட்டால் உருக்கிவிடுவார்கள். தம்பியின் மிச்சமாகக் கரையேறியது அது ஒன்றுதான். விட்டுவைத்தால் கமலவல்லி வாசலை விட்டு உள்ளே வரமாட்டாள். அன்றுதான் மூடியைக் கழற்றினார்.

உள்ளே சக்கரத்தைச் சுற்றி விசிறி இறக்கைகள். அதில் ஒன்று இல்லை. கரையில் நங்கூரக்கல் விழுந்து உடைந்தது. உடைந்த முனையை ராவித் தேய்த்தது மனோகரனேதான். அரத்தின் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு பக்கம் எடை குறைந்ததால் வந்த விக்கல் அது. நேர் எதிர் இறக்கையையும் உடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒத்துப்போய் ஆட்டம் அடங்கிவிடும் என்று அப்போதே தம்பியிடம் சொன்னார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "வுட்டுருண்ணே. இந்த விக்கல வச்சுத்தான் எங்க வீட்ல உல வக்கிது. எத்தன படகு வந்தாலும் நா வர்றது தனியாத் தெரியும்ல."

இடுக்கியை எதிர் இறக்கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் மனோகரன். ஓடாத இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய நடுக்கம் இடுக்கி வழியாகக் கைக்கு வந்தது. தன் கைதான் நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். பிறகு அழுத்தி முறித்தார். இறக்கை சுலபமாகத்தான் வந்தது. விளிம்பை ராவிவிட்டு, மூடியைப் போட்டுக் கிளப்பினார்.

இருக்கையில் வைத்த டீயில் வட்டங்கள் நடுவிலிருந்து ஒழுங்காகக் கிளம்பின. வண்டி வைத்த இடத்தில் நின்றது. மேற்கே பார்த்து நிறுத்தினார், மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்துக்குச் சரியாகப் போன் அடித்தது. எடுத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தார். கமலவல்லி நிதானமாகக் கேட்டாள்.

"இது யாரு வண்டி மாமா?"

"யாரோடதும் இல்லம்மா. இங்க ஓடுற வண்டி."

"ம். இது வேற." பிறகு சோற்றுப்பானையைத் தட்டால் மூடுகிற சத்தம். "அப்ப அவரு இன்னும் வரல. சரி மாமா, மெதுவா வரட்டும். நா நாளைக்கி வேலைக்குப் போறேன்."

சனிக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். நாலாம் நம்பருக்குத்தான் சண்டை, அவ்வளவு அமைதியாக ஓடுகிறதாம். ராஜ்குமார் முதுகில் தட்டிக்கொடுத்தார். மனோகரனும் சிரித்து வைத்தார்.

சாயங்காலம் கூட்டம் போன பிறகு வண்டிகளை ஒவ்வொன்றாக ஷெட்டில் விட்டுச் சாவியை மாட்டுகிறார். எல்லா வண்டியும் வாசலைப் பார்த்து நிற்கும், அது மேற்கு. நாலாம் நம்பரிடம் வந்ததும் கீழே குனிகிறார். முன்கம்பியை இரண்டு கையாலும் தூக்கி, சக்கரம் தரையில் உரசாமல், அதன் மூக்கைக் கிழக்கே திருப்பி வைக்கிறார்.