உவர்நாட்டின் காவல்காரர்கள்

போன வாரம் தாம்பரத்தில் மின்ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் நான்கு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே கைப்பேசியில் தலைகளை முட்டிக்கொண்டு எதையோ பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "புக்க படிச்சவங்க யாரும் இத பாக்கவே முடியாது" என்றாள் ஒரு பெண். நாகரிகமில்லாமல் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். உவர்நாடு. அந்த ஐந்து தொகுதி நாவலை மறுபடியும் எடுக்கிறார்களாம், இந்த முறை இணையத் தொடராக. ஒன்றரை நிமிட முன்னோட்டம்தான் வந்திருக்கிறது. அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

முதல் முறை ஒரு தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்தபோது இந்தப் பிள்ளைகள் மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கு அது நன்றாகவே நினைவிருக்கிறது. அந்தத் தொடரைத் திட்டுவதையே ஒரு வருஷம் முழுநேர வேலையாகச் செய்தவன் நான்.

வண்டி பல்லாவரத்தில் நின்றது. அந்த நாட்களில் இங்கே கதவோரம் நின்றால் பதனிட்ட தோலின் வாசனை முகத்தில் அடிக்கும். இப்போது ஒன்றுமில்லை, யாரோ தின்ற சிப்ஸின் மசாலா வாசனை மட்டும். எனக்கு முதல் வேலை இங்கேதான், தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் மாதிரிப் பிரிவில். உள்ளங்கை அளவுத் தோல் துண்டுகளில் எண் ஒட்டி அட்டையில் தைத்து வைக்க வேண்டும். அந்த வாசனை சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், பையில் இருக்கும் புத்தகத்திலும் ஏறும். எஸ்தர் என்னிடம் இரவல் வாங்கிய தொகுதியைத் திருப்பித் தரும்போது, "கத நல்லாத்தான் இருக்கு, ஆனா உன் புக்ல மாடு வாசன வருது" என்பாள்.

எஸ்தர் பீர்க்கன்கரணைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த டியூஷன் சென்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். அங்கேதான் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். காலை ஆராதனை முடிந்து அவள் நேராக வருவாள். ஜிப் வைத்த உறைக்குள் பைபிள், அதே பையில் உவர்நாடு. கரும்பலகையில் உவர்நாட்டின் வரைபடத்தைப் போட்டு, எந்தக் குட்டை எந்த ஊருக்குக் கிழக்கே என்று சண்டை போடுவோம். திங்கட்கிழமை அந்தப் பலகையில் கெமிஸ்ட்ரி நடத்த வருகிறவர் எங்களை என்னவெல்லாம் சபித்தாரோ தெரியாது.

கதையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கடல் ஒருநாள் பின்வாங்கிப் போய், ஊர்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் குட்டைகள் மட்டும் மிஞ்சிய நாடு உவர்நாடு. அங்கே தாமரி என்று ஒரு படகோட்டி. முதல் தொகுதியிலேயே சேற்றுக்குள் வாழும் ஒரு பிராணி அவளுடைய இடது கையைத் தோளோடு கொண்டுபோய்விடும். மீதி நான்கு தொகுதிகளிலும் ஒற்றைக் கையால்தான் துடுப்புப் போடுவாள். அதிகம் பேச மாட்டாள். எழுதியவர் அப்போதே இறந்துவிட்டிருந்தார். அதனால் அவருடைய நாட்டுக்கு நாங்கள்தான் காவல் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. எங்களை யாரும் நியமிக்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

தொடர் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் எஸ்தர் அந்தத் தொலைக்காட்சிக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஐந்து தொகுதிகளில் எதை விட்டாலும் எதை விடக்கூடாது என்று. அவர்கள் கூப்பிட்டுப் பேசி, வசனம் எழுதுகிறவருக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். வட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அதே தொலைக்காட்சிக்கு நானும் பன்னிரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தேன், பதில் வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முதல் நாள் ஒளிபரப்பை சேலையூரில் என் வாடகை அறையில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். நான்காவது நிமிடத்தில் தாமரி வந்தாள். இரண்டு கைகளோடு வந்தாள். இரண்டிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். மூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தான். அவன் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், அம்மா மீன் விற்பவர். இவன் குரோம்பேட்டையில் ஏசி மெக்கானிக். அவனுக்குக் கையைவிடப் பெரிய குறை ஒன்று கண்ணில் பட்டிருந்தது. "துடுப்ப இன்னா கரண்டி மாரி புட்ச்சிகினு கீறா?" என்றான்.

அதற்குப் பிறகு எதைத்தான் விட்டோம்? சேற்றுப் பிராணி தரை துடைக்கும் மெஷினின் குழாய் மாதிரி இருந்தது. தாமரிக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு மாமியார் முளைத்தாள். மூன்றாவது வாரத்தில் ஒரு பாம்பு வந்து பால் குடித்தது. இன்றைக்குக் கேட்டாலும் அந்தத் தொடர் குப்பை என்றுதான் சொல்வேன். மனம் திருந்தியவன் என்று என்னைப் பற்றி எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இணையத்தில் எங்கள் உவர்நாடு குழுவில் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் 'இன்றைய கை' என்ற தலைப்பில் நான் தினமும் எழுதினேன். முந்தின நாள் அத்தியாயத்தை வரிவரியாகக் கிழிக்கும் பதிவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், தோல் துண்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, டப்பாவைத் திறக்காமலே எழுதிய நாட்கள் உண்டு. மதுரையிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பாராட்டு வரும். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் நான் எழுதியதற்காகக் காத்திருந்ததில்லை. இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் புரிந்தது. எழுதுவதற்குத் தொடரைப் பார்க்கவே வேண்டியதில்லை. மற்றவர்கள் போடும் புலம்பலைப் படித்தாலே போதும். பார்ப்பதை நிறுத்திவிட்டேன், திட்டுவதை நிறுத்தவில்லை.

மூன்றாவது மாதம் தொடரின் தொடக்கத்தில் எஸ்தரின் பெயர் தனியாக வர ஆரம்பித்தது. வசன உதவி என்று போட்டு, அவள் பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வட்டத்துக்கு வந்தாள். பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நின்றுகொண்டே பேசினாள். கையை மறைத்துப் படம்பிடித்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும், நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை, தான் முடிந்தவரை சண்டை போட்டதாகவும் சொன்னாள். அப்படியானால் விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் வந்துட்டா வேற யாரோ எழுதுவாங்க. அவங்க ஒரு பக்கம்கூட படிச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

எனக்கு அது பெரிய திமிராகப் பட்டது. மறுநாள் 'நம்மோடு பெஞ்சில் இருந்தவர்' என்று தலைப்பிட்டு எழுதினேன். அவள் பெயரைப் போட்டே எழுதினேன். தாமரியின் கையை ஒட்டவைத்தவள் எங்கள் வட்டத்துக்காரி, நாங்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் விற்றவள் என்று. யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களில் அதிகம் படித்திருந்தவள் அவள்தான். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பகிர்ந்துகொண்ட பதிவு அதுதான். அன்று மாலை முகம் தெரியாத ஒருவர் தனிச்செய்தியில் வந்து, அவங்க நம்பர் கிடைக்குமா, மரியாதையா ரெண்டு கேள்வி கேக்கணும் என்றார். கொடுத்தேன். யோசிக்காமல் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் எஸ்தர் கூப்பிட்டாள். நான் மாதிரிப் பிரிவில் இருந்தேன்.

"என் நம்பர நீயா குடுத்த?"

"நான் ஏன் குடுக்கப்போறேன்" என்றேன்.

"காலைல போன் வந்தப்ப டாடி எடுத்துட்டாங்க. அந்த ஆள் சொன்ன வார்த்தைக்கு அவங்களுக்கு அர்த்தம் தெரியல. என்கிட்ட கேக்குறாங்க" என்றாள். நான் கையிலிருந்த தோல் துண்டில் எண் ஒட்டினேன். வைத்துவிட்டாள்.

மூர்த்திக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு டியூஷன் சென்டர் படிக்கட்டிலேயே என்னை நிறுத்தினான். அவன் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டு ஒப்பேற்றியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னான். "தொடர திட்டு, நானும் திட்றேன். அந்தப் பொண்ணு நம்மகூட குந்திகினு இருந்த பொண்ணுடா." அதோடு கீழே இறங்கிப் போய்விட்டான். அப்புறம் வட்டத்துக்கு வரவில்லை.

தொடரை மாலையிலிருந்து மதியத்துக்குத் தள்ளினார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கதை பாதியில் நிற்க, அப்படியே முடித்துவிட்டார்கள். குழுவில் வெற்றி விழா. யாரோ கேக் வெட்டிப் படம் போட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் டியூஷன் சென்டரில் ஐந்து பேர் உட்கார்ந்தோம், பேச எதுவும் இல்லை. ஒரு வருஷமாக நாங்கள் நாவலைப் பற்றியே பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் நான்காம் தொகுதியைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு நிறுத்திவிட்டார்.

எஸ்தரை மறுபடி பார்த்தது நான்கைந்து வருஷம் கழித்து, பெருங்களத்தூரில். பொங்கலுக்கு முந்தின நாள். என் மாமியாரைத் திண்டிவனம் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி நாகர்கோவிலில் இருக்கிறாள், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மறுபடி ஆங்கிலம். அவள்தான் முதலில் என்னைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினாள். அப்பா நலமா என்று கேட்டேன். நலம் என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. பக்கத்தில் ஒரு கண்டக்டர் செங்கல்பட்டு செங்கல்பட்டு என்று கத்திக்கொண்டிருந்தார், இந்தச் சத்தத்தில் எப்படி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அவளாகவே தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாள். வசனம் எழுதுகிறவர் ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டாராம். ஒரே ஒரு அத்தியாயத்தை மட்டும் முழுக்க இவளே எழுதினாளாம். மாமியாரும் இல்லை, பாம்பும் இல்லை. தாமரியும் அவள் தங்கையும் படகில் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் இருபது நிமிடமும். ஒளிபரப்பான மறுநாளே நிர்வாகத்தில் கூப்பிட்டுத் திட்டினார்களாம். அதற்கடுத்த வாரம்தான் மதியத்துக்குத் தள்ளினார்கள்.

"அத நீ பாத்தியா?" என்றாள்.

அந்தச் சமயத்தில் நான் தொடரைப் பார்ப்பதை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது. அந்த அத்தியாயத்தையும் நிச்சயம் கிழித்திருப்பேன். என்ன எழுதினேன் என்றுகூட நினைவில்லை.

"பாத்தேன். நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் முகம் மாறியதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நெஜமாவா? இத்தன வருஷத்துல என்கிட்ட அத சொன்ன ஒரே ஆள் நீதான்" என்றாள். பஸ் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாக மறுபடி தேங்க்ஸ் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் தேட ஆரம்பித்தேன். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்றுதான். இணையத்தில் அந்தத் தொடரின் ஒரு துண்டுகூட இல்லை. அந்தத் தொலைக்காட்சியே கைமாறி, பெயர் மாறி, பிறகு நின்றுபோயிருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். பழையதை அழித்துத்தான் புதியதைப் பதிவுசெய்வோம் சார் என்றார். எங்கள் குழுவைத் தேடினேன், அதைத் தொடங்கியவர் எப்போதோ மூடிவிட்டிருந்தார். 'இன்றைய கை' அத்தனையும் போயே போச்சு. டியூஷன் சென்டர் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டு நகைக்கடை கட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் கூச்சத்தை விட்டு மூர்த்தியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். தான் அதைப் பார்க்கவில்லை என்றான். பிறகு, மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தால் அவன் அம்மா தினமும் அந்தத் தொடரைத்தான் பார்ப்பார், ஒருநாள்கூட விட்டதில்லை என்றான். வட்டம் நடந்த காலத்தில் இதை அவன் எங்களிடம் மூச்சுவிட்டதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

போனை அம்மாவிடம் கொடுத்தான். எனக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. ரெண்டு பொண்ணுங்க போட்ல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்களாமே, ஞாபகம் இருக்கா என்றேன்.

"ஐய, அது கீதே, மறக்குமா" என்றார். "சின்னவ கேக்குறா, அக்கா, அம்மா மூஞ்சி உனுக்கு ஞாபகம் கீதான்னு. பெரியவ ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துகினு இருந்தா. நான் அழுதுட்டேன்."

தாமரி என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன்.

"அப்பத்தான்ப்பா கரன்ட்டு பூட்ச்சு" என்றார்.