மூன்று வரிக்குத் துணிப்பட்டை

"விற்பனையாளர் வகை: உயர் அபாயம். காரணம்: நிதி ஆவணத்தில் திட்டமிட்ட திருத்தம். நடவடிக்கை: பணப் பட்டுவாடா நிறுத்தம்."

இணையச் சந்தை நடத்தும் ஒரு கம்பெனியின் பதிவேட்டில் இப்படி இடம்பிடித்த பேர்வழிக்கு வயது ஐம்பத்தாறு. தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை மட்டும் தெரிகிற உயரம். தெருவுக்கே அவர் டெய்லரம்மா. அவரிடம் யாராவது அபாயத்தைக் கண்டிருந்தால், அது அவர் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசும்போதுதான்.

அவர் விற்றது ஒரே ஒரு சாமான்: நோயாளிகளுக்கான நைட்டி. பொத்தான், ஊக்கு, நாடா, எலாஸ்டிக் எதுவும் கிடையாது. இரண்டு தோளிலும் துணி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து உட்காரும். கையைத் தூக்க முடியாதவர்களுக்கும் காலிலிருந்து மேலே ஏற்றி மாட்டிவிடலாம். வாங்கிய ஒருவர், "யாரையோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் தைத்ததுபோல இருக்கிறது" என்று எழுதியிருந்தார். மருமகள் அதை வாசித்துக் காட்டியபோது டெய்லரம்மா மெஷினை நிறுத்தாமலே, "துணி நல்ல துணி" என்றார்.

கடையில் பாதி அந்த மெஷினில் இருந்தது. மீதிப் பாதி மருமகளின் கைபேசியில். படம் எடுப்பது, விலை போடுவது, முகவரி ஒட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. மகன் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கும் நாட்களைவிட வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும் நாட்களே அவனுக்கு அதிகம். மருமகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது. கணக்கு எண் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது மூன்று மாத வங்கி அறிக்கையும் வேண்டுமாம், எல்லா வரிகளோடும்.

"என் காசை எனக்குப் போடறதுக்கு, நான் எங்க செலவழிக்கிறேன்னு அவனுக்கு எதுக்கு?"

"எல்லார்கிட்டயும் கேக்கறாங்க அத்தை. விக்கறவங்க குரூப்ல ஒரே புலம்பல். பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்கலைன்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க."

டெய்லரம்மா சிரிக்கவில்லை.

"உங்க பேங்க் ஆப்பை என் போன்ல போட்டா ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்."

"வேண்டாம். நேர்லயே போய் வாங்கிட்டு வரேன்."

"இந்த முட்டி வலியோடயா?"

"பேங்க்ல முட்டியையா கேக்கறாங்க? கையெழுத்தைத்தானே கேக்கறாங்க."

வாங்கி வந்த காகிதத்தில் துணிக்கடை, நூல்கடை, மின்கட்டணம் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியில் ஒரு வரி மாறாமல் வந்தது: மனநலக் காப்பகம், பெண்கள் பிரிவு, உள்ளுறைவோர் கட்டணம்.

அந்த உள்ளுறைவோர் டெய்லரம்மாவின் தங்கை.

டெய்லரம்மாவுக்குச் சம்பந்தம் பேசியபோது அவருடைய அப்பா, "எனக்கு ஒரே பொண்ணு" என்று சொல்லியிருந்தார். வாய்மை தவறாதவர் என்று பெயரெடுத்த மனிதர். அதனால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவர் இறந்தபோது பெண்ணுக்கு விட்டுப்போனவை ஒரு கைக்கடிகாரம், அந்தப் பொய், மாதாமாதம் அந்தக் கட்டணம். கடிகாரம் சீக்கிரமே நின்றுவிட்டது. கணவருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. தெரிந்திருந்தாலும், தெரியும் என்று காட்டிக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். மாதம் ஒரு முறை டெய்லரம்மா நூல் வாங்கப் போகிறேன் என்று ஊரின் அந்தக் கோடிக்குப் போய்வருவார். நூலுக்கு ஒரு முழுநாளா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை தங்கை சட்டைப் பொத்தானைப் பிய்த்து விழுங்கிவிட்டாள். அதன்பிறகு பொத்தானும் நாடாவும் உள்ளே வரக்கூடாது என்று காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். டெய்லரம்மா ஏழு முறை வெட்டிப் பார்த்து, எட்டாவதாகத் தைத்ததுதான் அந்த நைட்டி. தங்கை அதைப் போட்டுக்கொண்டு தையல் விளிம்பைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். "குத்தலைக்கா" என்றாள். பிறகு அதுவே வியாபாரமானது.

மகனுக்குப் பெண் பார்த்தபோது மருமகளின் அப்பா நேராகவே கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குடும்பத்துல புத்தி சம்பந்தமா யாருக்காவது ஏதாவது உண்டா?" "அப்படி யாரும் இல்லீங்க" என்று டெய்லரம்மா சொன்னார். அப்பா சொன்ன பொய்யைப்போல அதுவும் மூன்றே சொல்தான்.

ஆகவே அந்தக் காகிதத்தை மருமகளிடம் அப்படியே கொடுக்க வழியில்லை. பேனாவால் அடித்தால் அசிங்கமாக இருக்கும். பசை தடவினால் பின்பக்கம் ஊறும். ஒரு ஆவணத்தை அழுக்காகக் கொடுப்பதில் டெய்லரம்மாவுக்குச் சம்மதமில்லை. வெள்ளைத் துணியில் விரற்கடை அகலத்துக்கு மூன்று பட்டை வெட்டினார். வரிக்கு ஒன்றாக வைத்து, மெல்லிய ஊசியால் காகிதத்தோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டார். தையல் கோடு பிசகாமல் நேராக இருந்தது.

மருமகள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன அத்தை, பேப்பருக்கு ஒட்டுப் போட்டிருக்கீங்க?"

"அது வேண்டாதது. மத்ததெல்லாம் இருக்கில்ல?"

"எல்லா வரியும் தெரியணும்னு போட்டிருக்காங்களே."

"வேணும்னா கேப்பாங்க. நீ அனுப்பு."

அவள் பட்டையின்மேல் விரலை ஓட்டினாள். "இது கம்பெனிக்குத் தெரியக்கூடாததா, எனக்குத் தெரியக்கூடாததா?"

"நிழல் விழாம எடு கண்ணு" என்றார் டெய்லரம்மா.

மறுநாள் காலையில் கம்பெனி அவரை உயர் அபாயமாக்கிவிட்டது. விற்றுப்போன முப்பத்தெட்டு நைட்டிகளின் பணம் நின்றது. அந்தப் பணத்தில்தான் அடுத்த ஐந்தாம் தேதிக் கட்டணம் போக வேண்டும். ஏழு நாட்களுக்குள் மறைப்பில்லாத அறிக்கை வராவிட்டால் கடை மூடப்படும்.

உதவி எண்ணில் ஒரு பையன் மரியாதையாகப் பேசினான்.

"அம்மா, அந்த வரியையெல்லாம் நாங்க யாரும் உக்காந்து படிக்க மாட்டோம்."

"படிக்கமாட்டீங்கன்னா மறைச்சிருந்தா என்ன தம்பி?"

"மறைச்சிருக்கறதை சிஸ்டம் கண்டுபிடிச்சிடும்மா."

"மறைக்கலைன்னா?"

"அப்ப ஒண்ணும் கண்டுபிடிக்காது."

டெய்லரம்மா, "நல்லா இருப்பா" என்று போனை வைத்தார்.

வேறு கணக்கு தொடங்கலாமா என்று வங்கியில் விசாரித்தார். தொடங்கலாம், மூன்று மாத அறிக்கை வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வெளியே ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏற்றிவிடலாமா என்று பார்த்தார். ஏற்றிய காகிதம் அவருடைய இணையக் கடைப் பக்கத்திலேயே பதிவாகித் தங்குமாம், அந்தப் பக்கமோ மருமகளின் கைபேசியில் இருந்தது. உலகத்தில் யார் யாரோ அந்த வரியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், அதில் அவருக்கு இப்போது ஆட்சேபம் இல்லை. பார்க்கக்கூடாத ஒரே ஆள் அடுத்த அறையில் கால்வீக்கத்துக்குத் தலையணை வைத்துப் படுத்திருந்தாள்.

மருமகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நாலாம் நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "நான் உங்க பணத்துல கை வெச்சிடுவேன்னு நினைச்சீங்களா அத்தை?"

"ச்சீ, என்ன பேச்சு இது."

"மூணு வருஷமா ஒவ்வொரு பார்சலும் நான்தான் கட்டறேன். எவ்வளவு வருதுன்னு எனக்குத் தெரியும். எங்க போகுதுன்னு தெரிஞ்சாதான் குத்தமா?"

அதற்குச் சொல்லக்கூடிய உண்மை ஒன்று டெய்லரம்மாவிடம் இருந்தது. அதைச் சொன்னால் இந்த வருத்தம் தீரும். வேறொன்று அவள் வயிற்றுக்குள் போய் உட்காரும். பிறக்கப்போகும் பிள்ளை சற்று அழுதாலும் சற்று சிரித்தாலும் அதன் முகத்தில் அந்தச் சின்னப்பாட்டி தெரிகிறாளா என்று தேடுவார்கள். "சாப்பிட வா" என்றார்.

ஏழாம் நாள் பட்டையில்லாத புதுக் காகிதம் டெய்லரம்மாவின் மடியில் இருந்தது. மருமகள் கைபேசியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு எடுக்கறேன் அத்தை. சத்தியமா படிக்க மாட்டேன்."

"கண்ணை மூடினா கை ஆடும்."

"ஆடட்டுமே. திருப்பி எடுத்துக்கலாம்."

அவள் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கைபேசியை நீட்டினாள். டெய்லரம்மா அந்த மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காகிதத்தைப் பாதி விரித்தார். பிறகு நாலாக மடித்தார்.

"கடையை மூடிடு கண்ணு."

மருமகள் கண்ணைத் திறந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். காரணம் கேட்டுத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் 'சொந்தக் காரணங்கள்' என்பதைத் தொட்டாள். அந்த வாரமே, பிரசவத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கையில், அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். பிள்ளை பிறந்த செய்தி மகன் வழியாக வந்தது.

டெய்லரம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் கிழிந்த விரிப்புகளை ஒட்டித் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு விரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. நாளுக்கு நாற்பது தைத்தால் ஐந்தாம் தேதி பிரச்சினையில்லாமல் வரும். போன மாதம் தங்கை, எப்போதும் இல்லாத வழக்கமாக, "வீட்ல யாரெல்லாம் இருக்காங்கக்கா?" என்று கேட்டாள். "எல்லாரும் இருக்காங்க" என்றார் பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைக் கையில் வைத்திருந்த டெய்லரம்மா.

அவர் செய்தது இவ்வளவுதான்: இருபத்திரண்டு வருடமாக ஒரு மாதமும் தவறாமல் தங்கைக்குக் கட்டணம் கட்டினார். தங்கை இருக்கிறாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.