சிவப்புப் பெட்டியையே திறந்தவன்

கண்ணீரோடு வருகிறவர்களின் கதையைக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்த ஆலோசகரம்மாவுக்கு, நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதும் தலையெழுத்து வந்து சேர்ந்தது. மனநலப் பிரிவில் இனி மேற்படிப்பு முடித்தவர்களுக்கே வேலை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அந்தப் படிப்பில், மனம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதை ப்ரோக்ராமாக எழுதிக் காட்டும் பாடம் ஒன்று. ஏற்கெனவே ஒருமுறை அதில் கோட்டைவிட்டிருந்தாள். இந்த முறையும் போனால் வேலையும் போச்சு.

திரையில் ஓர் ஆள். முன்னால் இரண்டு பெட்டிகள். நீலத்தைத் திறந்தால் பெரும்பாலும் பரிசு, சிவப்பைத் திறந்தால் பெரும்பாலும் அடி. பட்டுத் திருந்தி அவன் நீலத்துக்கு மாற வேண்டும். அவள் எழுதிய ஆளோ சிவப்பைத் திறந்து அடி வாங்கினான்; மறுபடியும் சிவப்பையே திறந்தான்.

அடிக்கிற வீட்டுக்கே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போன எத்தனை பெண்களைப் பார்த்தவள்! அவனுக்கு அப்பாவி என்று பெயர் வைத்தாள். பாசம் கிடைக்காத பிள்ளைப் பருவத்தில் தொடங்கி, அவன் ஏன் இப்படி ஆனான் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறவனுக்குமா கவுன்சலிங்? ஃபீஸ் யாரு கட்டுவா?" என்றார் கணவர்.

தேர்வன்று ஆசிரியர், அவள் மகனாக இருக்கக்கூடிய வயது, எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ப்ரோக்ராமில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"மேடம், இங்க பிளஸ் வரணும். மைனஸ் போட்டுட்டீங்க. அடி விழ விழ, சிவப்பு நல்லதுன்னு அவன் கணக்குல ஏறுது."

"அப்போ அவன் மனசுல ஒண்ணும் இல்லையா சார்?"

"மனசே இல்ல மேடம். டைப்பிங் தப்பு."

"என்கிட்ட வர்றவங்களும் வெளியிலேர்ந்து பார்த்தா இவன மாதிரியேதான் சார் இருக்காங்க. உள்ள கணக்கு தப்பா இருக்கா, மனசு உடைஞ்சிருக்கான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதெல்லாம் அடுத்த வருஷப் பாடம் என்றார். அதிலும் முழுசாக இருக்காது என்று இழுத்தார். திருத்தி ஓட்டினால் பாஸ் போடலாம், இல்லாவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று முடித்தார்.

பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. மைனஸை அழித்தாள். பிளஸ் போட்டாள்.

திரையில் இருந்தவன் ஓரிரு முறை சிவப்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டான். அப்புறம் நீலம், நீலம், நீலம்தான். சமர்த்துப் பிள்ளை. ஆனால் இவன் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்ங்க."

"அப்புறம் என்னத்துக்கும்மா அழற? சந்தோஷமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"தெரியலங்க. வண்டிய எடுங்க."