ஆஸ்பத்திரி அக்கா

மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் நான் மெஷின் ஓட்டுகிறேன். இருசம்மாள் களத்தில் நெல் காய வைக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். தொழிலாளர்களுக்கான புதுச் சட்டம் வந்ததும் முதலாளி எங்களுக்கெல்லாம் வேலை உத்தரவும் காப்பீட்டு அட்டையும் கொடுத்தபோது, "இனிமே நானும் கவர்மெண்டு ஆளுதான்யா" என்று களம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அந்த அட்டையோடுதான் கண்புரை ஆபரேஷனுக்குத் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து, ஆபரேஷன், சாப்பாடு எல்லாம் இலவசம். நர்ஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கூட யாரு வந்திருக்கா?" பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண் இருந்தாக வேண்டுமாம். மில்லில் யாரைக் கூப்பிட்டாலும் அவர்களுக்குக் கூலி போகும். அதனால் கூப்பிடவில்லை. பெரிய கௌரவம்! துணைக்கு ஆள் வேண்டும் என்று எந்தச் சட்டத்திடம் போய்க் கேட்பது?

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆனந்தவள்ளி. ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள். அவளுக்கும் கண்தான், அவளுக்கும் ஆளில்லை. திருப்பூரில் இருக்கிற மகள் போனை எடுப்பதே இல்லையாம்.

"செவ்வாக்கிழமை நீங்க எனக்கு இருங்க. வெள்ளிக்கிழமை நான் உங்களுக்கு இருக்கேன்" என்றாள் இருசம்மாள்.

"யாருன்னு கேட்டா?"

"அக்கா தங்கச்சின்னு சொல்லுவோம். யாரு வந்து பார்க்கப் போறா?"

ஆனந்தவள்ளி சொன்னபடி வந்தாள். கஞ்சி கொடுத்து, சொட்டு மருந்து விட்டு, ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டாள். மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு மில்லுக்கு லீவு சொல்ல வந்த இருசம்மாளுக்கு "எங்கக்கா, எங்கக்கா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை இட்லி அவித்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். ஆனந்தவள்ளியின் கட்டிலருகே அவள் சாடையிலேயே ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நீங்க யாருங்க?"

"உங்கம்மாவுக்குத் தங்கச்சிம்மா."

"எங்கம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்களே கிடையாதே!"

ஆனந்தவள்ளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகளின் கையை விடாமலே, "சும்மா தெரிஞ்சவங்கம்மா" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தெரியும்வரை இருசம்மாள் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினாள்.

இதெல்லாம் அவளே சொன்னதுதான். எனக்கு அந்த மகள்மேல் பொல்லாத கோபம். பெற்றவளைப் பார்க்க வந்ததற்கா ஒருத்தன் கோபப்படுவான்? எனக்கு வந்தது.

"அந்த ஆனந்தவள்ளியை நறுக்குன்னு ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"என்னத்தைய்யா கேக்குறது?" என்றாள் இருசம்மாள். "எனக்கு ஒரு மக வந்து நின்னிருந்தா, நானும் அவங்களைத் தெரிஞ்சவங்கன்னுதானே சொல்லியிருப்பேன்."