கேட்டவர் பெயர்

கே.ஜி.கண்டிகையில் கூலிவேலை செய்த கண்ணையனின் மகன் டில்லிபாபுவிடம் வாய்வார்த்தையாக ஒரு வேலையும் வாங்கிவிட முடியாது. சென்னைப் பக்கத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில், அணுத்துகள்களை அசுர வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கும் ராட்சத இயந்திரம் இருக்கிறது. அதை நடத்தும் மென்பொருளுக்கு அவன்தான் காவல். நூற்றுக்கணக்கான காந்தங்கள், பம்புகள், வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை எண். அதில் ஒன்றைத் தொட வேண்டுமென்றாலும் கேட்டவர் பெயரும் காரணமும் கணினிப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பெரிய விஞ்ஞானியே வந்து நின்றாலும், "எழுதிட்டு வாங்க சார். எழுதலன்னா அது நடக்கவே இல்ல" என்பான். பதினோரு வருடமாக இதே பாட்டு. முதுகுக்குப் பின்னால் அவனுக்கு 'ரிஜிஸ்தர்' என்று பட்டப்பெயர். வைத்துவிட்டுப் போகட்டுமே! அத்தனை வருடத்தில் அவன் கை பட்டு ஒரு பம்புகூடக் கெட்டதில்லை.

அந்தப் பிடிவாதம் ஒரே ஓர் ஆளிடம்தான் தளர்ந்தது. அக்கா மோனிகாவின் புருஷன் பரசுராமன். டிப்ளமோ படித்துவிட்டுப் பள்ளிப்பட்டில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவனை, யார் யாரையோ கெஞ்சி, அதே கூடத்தில் ஒப்பந்த ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டவன் டில்லிபாபுதான்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் முற்பகல், பரசுராமன் இன்டர்காமில் கூப்பிட்டான்.

"மச்சான், அஞ்சாம் நம்பர் வால்வு அலாரம் சும்மா கத்திகினே கீது. எல்லைய கொஞ்சம் ஏத்தி உடேன். ரெண்டு மணி நேரந்தான். முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்."

"ஆங், எழுதிடுங்க பாவா."

"என்கிட்டயுமா மச்சான்?"

அந்தக் கேள்வியில்தான் விழுந்தான், பாவி. எண்ணை ஏற்றிவிட்டான். மாற்றியவர் டில்லிபாபு என்று கணினி தானாகவே குறித்துக்கொண்டது. கேட்டவர் பெயர் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

பரசுராமன் கூப்பிடவேயில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டான். அன்று அடுத்தடுத்து கூட்டங்கள்; டில்லிபாபுவும் மறந்து தொலைத்தான். மறுநாள் காலை, காற்றே இருக்கக் கூடாத குழாயில் கசிவு ஏற்பட்டது. உடனே தானாக மூடிக்கொள்ள வேண்டிய அந்த ஐந்தாம் நம்பர் வால்வு, எண் ஏறியிருந்ததால் திறந்தே நின்றது. ஆறு மாதச் சோதனை பாழ்.

விசாரணை வைத்தார்கள். தன் தப்பை டில்லிபாபு மறைக்கவில்லை. ஆனால் யாராவது கேட்டு மாற்றினானா, தன் இஷ்டத்துக்கு மாற்றினானா என்பதுதான் கேள்வி. இஷ்டத்துக்கு என்றால் வேலை போகும், பெயரும் போகும். பரசுராமனின் ஒரு வார்த்தை போதும்.

"பாப்பா மொட்ட முடியட்டும் மச்சான். திங்கக்கெழம நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் அக்கா காதுல போட்டுடாத" என்றான் பரசுராமன். டில்லிபாபு நம்பினான். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருத்தணி மலைமேல் மொட்டை போடும் மண்டபத்தில், தாய்மாமன் முறைக்கு, அக்காவின் ஒன்றரை வயது மகள் யுவஸ்ரீயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். புது வேட்டி, தோளில் துண்டு. நாவிதர் குழந்தையின் தலையை நனைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். பரசுராமன் பக்கத்தில் குனிந்து நின்றான்.

"பாவா, நாளைக்கு எத்தன மணிக்கு வர்றீங்க?"

"அது வெள்ளிக்கெழமையே எழுதிக் குடுத்துட்டேன் மச்சான்."

"என்னான்னு?"

"நான் எதுவும் கேக்கலன்னு." பரசுராமனின் குரல் தணிந்தது. "நான் கான்ட்ராக்ட் ஆளு, ஒடனே தொரத்திடுவாங்க. நீ பர்மனென்ட்டு, எப்டியும் பொழச்சிப்ப. நீயே சொல்லுவியே, எழுதலன்னா அது நடக்கவே இல்லன்னு."

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறான், துரோகி! டில்லிபாபு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடிக்க எழப் போனான்.

கத்தி குழந்தையின் காதோரம் வந்திருந்தது. யுவஸ்ரீ வீறிட்டு, திமிறினாள்.

"தம்பி, நல்லா புடிச்சிக்கோடா, ஆடிடப் போறா" என்றாள் எதிரே நின்ற அக்கா. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், இங்க பாரு" என்று பரசுராமன் செல்போனைத் தூக்கினான்.

டில்லிபாபு நிமிரவில்லை. குழந்தையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான்.