அப்பாவின் தலைப்புகளுக்கு இலக்கம் போட்டது

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடியை எத்தனை தரம் துடைத்தாலும் சற்று நேரத்தில் உப்புப் படிந்துவிடும். அதனூடாகப் பார்த்தால் கடலும் வானமும் ஒன்றுதான். கரையோர ரயில் போகும்போது மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு ஓடி மறையும். அந்தப் பால்வெளிச்சத்தில் அப்பா காலைகளில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையை வாசிப்பார்.

அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. ஒரு கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். மறுநாள் அது யாருடைய கதை என்று என்னிடமே கேட்பார். அதனால் அவர் சொன்னதையெல்லாம் மார்க்டவுன் என்ற எளிய கணினி எழுத்துமுறையில் குறிப்புகளாக எழுதி வந்தேன். வரியின் முன்னால் ஒரு ஹாஷ் அடையாளம் இட்டால் அது தலைப்பாகிவிடும். என்னைப் போன்ற சோம்பேறிக்கு ஏற்ற முறை. கொட்டாஞ்சேனை அறை, முதல் சம்பளம், கலியாணம் என்று தலைப்புகள் வளர்ந்தன. இலக்கங்களைக் கையால் போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

அப்பா ஒருகொடவத்தையில் கொள்கலன் களஞ்சியமொன்றில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். கடதாசிக் கட்டு வந்தால் என்ன சாமான் என்று பார்க்கமாட்டாராம். முதலில் தொடரிலக்கங்களின் மேல் பெருவிரலை ஓட்டுவாராம். நடுவில் ஒன்று விடுபட்டிருந்தால் சாமான் எங்கோ கைமாறிவிட்டது என்று அர்த்தம். கையெழுத்து வைக்கமாட்டார். எல்லாவற்றையும் மறந்த மனிதர் இதை மட்டும் மறக்கவில்லை. நான் நடுவில் ஒரு கதையைச் செருகினால், ஐந்து இரண்டு தரம் வருகிறது என்று மடிக்கணினியைத் திருப்பித் தந்துவிடுவார். என் பிள்ளைப்பருவத்துக் கணக்கு வாத்தியார்கூட என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை.

எரிச்சலில் ஒரு நாள் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்தேன். எழுத்துகள் திரையில் எப்படித் தோன்றவேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. தலைப்பைக் காணும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டு, கூட்டியதை அதன் முன்னால் காட்டு என்று சில வரிகள் எழுதினேன். அதன்பின் எந்தக் கதையை எங்கே தூக்கி வைத்தாலும் இலக்கங்கள் தாமாகவே ஒழுங்காகிக்கொண்டன. அப்பாவின் விரல் தடையில்லாமல் இறங்கியது. எனக்கு அப்படியொரு சந்தோசம்.

ஆனால் எட்டாவது தலைப்பு இருந்தது. அம்மாவின் சாவு. அவருக்கு நினைவு தெளிவாக இருந்த ஒரு நாளில் அவரே சொல்ல நான் எழுதியது. ஒன்பதாவது, அவர் என்னோடு வந்து இருக்கத் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் எட்டுக்கு வந்ததும் முதல் தடவை கேள்விப்படுகிறவராக அவர் உடைந்து அழுவார். நானும் பக்கத்தில் இருந்து அழுவேன். ஒரே சாவை ஒரு மனிதருக்கு எத்தனை தரம் அறிவிப்பது? பாவம், என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் சொன்னதை அழிக்கவும் மனம் வரவில்லை. எனவே சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பகுதியை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் செய்தேன். மறுநாள் ஏழைத் தாண்டியதும் அவருடைய விரல் நின்றது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் திரை வெள்ளையாகக் கிடந்தது.

"பிள்ளை, எட்டு எங்கை? என்னவோ துலைஞ்சிருக்கு."

ஏதேதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அன்று முழுக்க அலுமாரியிலும் கட்டிலுக்குக் கீழேயும் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கும் தெரியவில்லை.

சிஎஸ்எஸ்ஸில் மறைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், மறைத்த பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் இடமும் இலக்கமும் அதற்கென்றே காத்திருக்கும். மற்றதில் இடமே இருக்காது, எண்ணும்போதும் அது கணக்கில் சேராது. இரண்டுக்கும் ஒரு வரிதான் வித்தியாசம். அந்த வரியை மாற்ற எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. வெளியே ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. மஞ்சள் வெயில் விசைப்பலகையின் மேல் ஊர்ந்து சுவருக்குப் போனது. கடைசியில் மாற்றினேன். ஒன்பது எட்டாகி மேலே ஏறிக்கொண்டது. அங்கே எதுவும் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அடுத்த காலை அப்பாவின் பெருவிரல் எங்கேயும் நிற்காமல் அடிவரை போனது. பிறகு ஆறுதலாக எல்லாவற்றையும் வாசித்தார். கலியாணக் கதையில் சிரித்தார். மடிக்கணினியை மூடி என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு. கொம்மா வரட்டும், அவவுக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவம்."

"ஓம் அப்பா," என்றேன்.

அவர் தேத்தண்ணி கேட்டார். குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன். அழுகை வந்தது. சத்தம் அவருக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டேன். அதுவரை ஒவ்வொரு காலையும் என்னோடு சேர்ந்து அழ ஒருவர் இருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மா எனக்கு மட்டும்தான் இறந்திருந்தார்.